‘கேமரா’வைத் தேடிப் போவது எப்படி: இத்தாலியன் முதல் போலிஷ் வரை ஒரு சொல்லைத் துரத்தும் வழி

இத்தாலியில் ஓட்டல் வரவேற்பில் நின்று ‘காமெரா’ வேண்டும் என்று கேட்டால் அறைச் சாவியை எடுத்துத் தருவார்கள். போலந்தின் வார்சாவில் ஒரு கடையில் ‘கமெரா’ கேட்டால் வீடியோ எடுக்கும் கருவியைக் காட்டுவார்கள். ருமேனியக் கிராமத்து வீட்டில் ‘கமார’ என்றால் மாவும் ஊறுகாயும் வைக்கிற சின்ன அறை. போர்த்துகலின் லிஸ்பனில் ஒருவர் ‘கமரா’வுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றால் அவர் போவது நகராட்சி அலுவலகத்துக்கு. நான்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

ஸ்பானிஷோ பிரெஞ்சோ போலிஷோ புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்கள் இப்படி ஒரு சொல்லைப் பல மொழிகளில் பார்த்ததும் குழம்பிப்போகிறார்கள். அகராதியில் ஒரு பொருளைப் பார்த்துவிட்டு, பக்கத்து மொழியிலும் அதே பொருள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது பொருளை அல்ல, அந்தச் சொல் எந்த வழியாக அந்த மொழிக்குள் வந்தது என்பதை. வந்த வழி சொல்லின் ஒலியிலேயே தெரியும். அது தெரிந்துவிட்டால் பொருள் ஏன் மாறியது என்பது பாதி விளங்கிவிடும். ‘காமெரா’ என்ற ஒரே சொல்லை வைத்து அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். இதே முறையில் வேறு எந்தச் சொல்லையும் நீங்களே தேடலாம்.

தொடங்கும் முன்

ரோமான்ஸ் மொழிகள் என்பவை லத்தீனிலிருந்து பிறந்தவை: இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு, கத்தலான், ருமேனியன் முதலியன. போலிஷ் அந்தக் குடும்பம் இல்லை, அது ஸ்லாவிய மொழி. அப்படியானால் அதை ஏன் சேர்க்க வேண்டும்? 966-இல் போலந்து கிறிஸ்தவத்தை ஏற்றது. அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் கோயிலிலும் அரசவையிலும் நீதிமன்றத்திலும் லத்தீன்தான் எழுத்து மொழி. லத்தீன் சொற்கள் நேராகவும், செக், ஜெர்மன் வழியாகவும் போலிஷுக்குள் வந்துகொண்டே இருந்தன. குடும்பத்துக்கு வெளியே இருக்கும் மொழி என்பதால், எந்தக் காலத்தில் எந்த வழியில் ஒரு சொல் நுழைந்தது என்பது போலிஷில் பளிச்சென்று தெரியும். அதனால்தான் அதை வைத்துப் பழகுவது நல்லது.

ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: எழுத்து வடிவம், அழுத்தம் விழும் இடம் (சொல்லில் எந்த அசையை ஓங்கிச் சொல்கிறார்கள் என்பது), பாலும் பன்மையும், பொருள்கள், வந்த வழி. எழுத்து வடிவத்தை அந்தந்த மொழியின் எழுத்திலேயே, மேலே கீழே வரும் குறிகளோடு எழுதுங்கள். நான் இங்கே தமிழில் தருவது ஒலிக்கு ஓரளவு நெருக்கமான வடிவம் மட்டுமே.

அகராதிகளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. இத்தாலியனுக்கு ட்ரெக்கானி, ஸ்பானிஷுக்கு ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதி, பிரெஞ்சுக்குத் த்ரெசோர், போர்த்துக்கீசியத்துக்குப் ப்ரிபெராம், ருமேனியனுக்கு டெக்ஸ் ஆன்லைன், போலிஷுக்குப் பி.டபிள்யூ.என். அகராதி. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போலிஷ் சொற்பிறப்புக்கு 1927-இல் வந்த ப்ரூக்னரின் அகராதியை இன்றும் புரட்டுகிறார்கள். விக்சனரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும், தொடங்க வசதி. ஆனால் அதில் பார்த்ததை அந்த மொழியின் சொந்த அகராதியில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

முதல் படி: வேர்ச்சொல்லையும் அதன் முதல் பொருளையும் பிடியுங்கள்

அகராதிப் பதிவின் தொடக்கத்திலோ கடைசியிலோ சொற்பிறப்பு இருக்கும். நம் சொல்லுக்கு எல்லா அகராதிகளும் லத்தீன் ‘காமெரா’வைக் காட்டும், ‘காமரா’ என்றும் ஒரு வடிவம் உண்டு. அதற்கும் பின்னால் கிரேக்க ‘கமாரா’. இதோடு நிறுத்திவிடாமல் வேர்ச்சொல்லின் முதல் பொருள் என்ன என்று பாருங்கள். ‘அறை’ என்று எதிர்பார்ப்பீர்கள். அது இல்லை. வளைந்த கூரை, வில்வளைவு என்பதுதான் பழைய பொருள். வளைந்த கூரை உள்ள இடம் என்றாகி, பிறகு கூரை எப்படி இருந்தாலும் அறை என்றாகிவிட்டது.

இதைக் குறித்து வைப்பது வீண் வேலை இல்லை. நிலத்துக்கு அடியில் குடைந்த இடம், இதயத்தின் உள்ளறை, சைக்கிள் டயருக்குள் இருக்கும் டியூப் என்று இந்தச் சொல் பின்னால் எங்கெங்கோ போகப்போகிறது. அறை என்ற ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டால் அவற்றை விளக்க முடியாது. மூடப்பட்ட, உள்ளே வெற்றிடம் உள்ள ஒன்று என்ற கருத்து தொடக்கத்திலிருந்தே கூட வருகிறது.

இரண்டாம் படி: ஒலி மாற்றத்தைக் கேளுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். லத்தீனில் அழுத்தம் முதல் அசையில்: கா-மெ-ரா. அழுத்தம் உள்ள உயிர் பிழைக்கும், அதை அடுத்து வரும் உயிர்தான் தேயும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மொழியாகப் பாருங்கள்.

இத்தாலியன் அப்படியே வைத்திருக்கிறது: காமெரா. ஸ்பானிஷில் காமரா. போர்த்துக்கீசியத்தில் கமரா, முதல் உயிரின் மேல் தொப்பிக் குறி போட்டு எழுதுவார்கள். மூன்றிலும் அழுத்தம் முதல் அசையிலேயே இருக்கிறது.

பிரெஞ்சில் ‘ஷாம்ப்ர்’. பார்த்தால் சொந்தமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் நடந்தது மூன்றே மாற்றங்கள், மூன்றும் பிரெஞ்சில் வழக்கமாக நடப்பவை. ஒன்று, லத்தீன் ‘க’வுக்குப் பின் ‘அ’ வந்தால் பிரெஞ்சில் அது ‘ஷ’ ஆகும். பாடுவதற்கு லத்தீனில் ‘கன்தாரெ’, பிரெஞ்சில் ‘ஷான்தே’. பெட்டை ஆட்டுக்கு லத்தீனில் ‘காப்ரா’, பிரெஞ்சில் ‘ஷேவ்ர்’. இரண்டு, நடுவில் இருந்த வலுவில்லாத ‘எ’ உதிர்ந்து ‘காம்ரா’ என்றானது. மூன்றாவதுதான் அழகு. ‘ம்’ சொல்லி முடித்த உடனே ‘ர’ சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டியிருந்த இடத்திலிருந்து பிரியும்போது நடுவே ஒரு ‘ப்’ தானாக எட்டிப் பார்க்கும், ‘அம்பு’ என்பதில் வருகிற மென்மையான ‘ப’. அந்த ‘ப்’ எழுத்திலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. எண்ணுக்கு லத்தீனில் ‘நூமெருஸ்’, பிரெஞ்சில் ‘நோம்ப்ர்’ ஆனதும் இப்படித்தான்.

கத்தலானில் ‘காம்ப்ரா’. நடு உயிர் உதிர்ந்திருக்கிறது, ‘ப்’ நுழைந்திருக்கிறது, ஆனால் ‘க’ மட்டும் ‘ஷ’ ஆகவில்லை. பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும் இடையில் இருக்கும் மொழி இரண்டுக்கும் நடுவில் ஒரு வடிவத்தை வைத்திருக்கிறது.

நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. இந்தியில் அறையைக் ‘கம்ரா’ என்பது போர்த்துக்கீசிய ‘கமரா’விலிருந்து வந்தது. இலங்கை மலையகத்தில் லயத்து அறையை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் அறையைக் ‘காம்பரா’ என்கிறார்கள். அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். ‘ம்’-முக்கும் ‘ர’-வுக்கும் இடையில் அதே ‘ப’ வந்து நிற்பதைக் கவனியுங்கள். பிரெஞ்சைக் கேட்டுச் சொன்னது இல்லை அது, எந்த ஊர் வாயும் செய்யும் வேலை.

ஒரு எச்சரிக்கை. ஸ்பானிஷிலும் ‘ப்’ நுழையும் பழக்கம் உண்டு. மனிதனுக்கு ‘ஓம்ப்ரெ’, பசிக்கு ‘ஆம்ப்ரெ’. அப்படியிருக்க ‘காமரா’ ஏன் ‘காம்ப்ரா’ ஆகவில்லை? அங்கே நடு உயிர் ‘எ’ இல்லை, ‘அ’. அழுத்தம் இல்லாத இடத்திலும் ‘அ’ எளிதில் உதிராது. நடு உயிர் நின்றுவிட்டதால் ‘ம்’-மும் ‘ர’-வும் ஒட்டவே இல்லை. விதியைப் பார்த்தவுடன் எல்லா இடத்திலும் போட்டுவிடாமல், அது நடப்பதற்கான சூழல் இருந்ததா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: இரட்டையர்களைத் தேடுங்கள்

பிரெஞ்சில் ‘ஷாம்ப்ர்’ இருக்கிறது என்றேன். ‘கமேரா’வும் இருக்கிறது! சினிமா, வீடியோ எடுக்கும் கருவி அது. இரண்டும் ஒரே லத்தீன் சொல். ஒன்று தலைமுறை தலைமுறையாக வாயில் புழங்கித் தேய்ந்து வந்தது. மற்றொன்று பிற்காலத்தில் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டு, தேயாமல் அப்படியே வந்தது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வடமொழிச் சொல் மாறாமல் வந்தால் தற்சமம், தமிழுக்கு ஏற்ப மாறி வந்தால் தற்பவம் என்று படித்திருப்போம். கமலம் முன்னது, பங்கயம் பின்னது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழில் இரண்டும் கடன், பிரெஞ்சில் தேய்ந்து வந்தது கடன் இல்லை, பிறப்பிலேயே வந்த சொத்து.

இப்படி இரட்டையர் இருக்கும் மொழிகள் நம் பட்டியலில் நான்கு: பிரெஞ்சு, கத்தலான், ருமேனியன், போலிஷ். கத்தலானில் ‘காம்ப்ரா’வோடு படக் கருவிக்குக் ‘காமெரா’வும் உண்டு.

ருமேனியனில் ‘கமார’ என்பது சமையல் சாமான் வைக்கும் அறை, ‘காமெர’ என்பது சாதாரண அறை. நீங்கள் எழுதி வைத்த அழுத்தப் பத்தி இப்போது வேலை செய்யும். ‘காமெர’வில் அழுத்தம் முதல் அசையில் இருக்கிறது, லத்தீனிலும் இத்தாலியனிலும் இருப்பது போல. ‘கமார’வில் அது இரண்டாம் அசையில். கிரேக்க ‘கமாரா’விலும் அழுத்தம் இரண்டாம் அசையில்தான். ருமேனிய அகராதி ‘கமார’வைக் கிரேக்கத்தோடும் ‘காமெர’வை லத்தீன், இத்தாலியனோடும் இணைப்பது இதனோடு பொருந்துகிறது. எழுத்தில் அழுத்தக் குறி இருக்காது. அகராதியில் தனியாகக் குறித்திருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

போலிஷில் ‘கொமோரா’ என்றால் மூடிய உள்ளறை, ‘கமெரா’ என்றால் வீடியோ கருவி. முதல் உயிரைப் பாருங்கள்: ஒன்றில் ‘ஒ’, மற்றதில் ‘அ’. பழைய ஸ்லாவியத்தில் வெளியிலிருந்து வந்த குறில் ‘அ’ ‘ஒ’ ஆனது. அதனால் ‘ஒ’ இருந்தால் சொல் பழையது, ‘அ’ அப்படியே இருந்தால் பிறகு வந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். லத்தீன் ‘அல்தாரெ’ (பலிபீடம்) போலிஷில் ‘ஒவ்தாஷ்’, ‘பகானுஸ்’ (வேற்று மதத்தவர்) ‘பொகானின்’, ‘கஸ்தெல்லும்’ (கோட்டை) செக் வழியாக வந்து ‘கோஷ்ச்சூவ்’. இந்தக் கடைசிச் சொல்லுக்குப் போலிஷில் பொருள் தேவாலயம். மூன்றும் மதமாற்றக் காலத்தை ஒட்டிய சொற்கள், மூன்றிலும் ‘அ’ ‘ஒ’ ஆகியிருக்கிறது. போலிஷ் படிப்பவர் இந்த ஒரு குறிப்பை மட்டும் கையில் வைத்திருந்தாலே நூற்றுக்கணக்கான கடன் சொற்களுக்கு முன்பின் சொல்லிவிட முடியும்.

இரட்டையர் உள்ள மொழியில் பொருள்கள் பங்கு பிரிந்துவிடும். பெரும்பாலும் பழைய வடிவம் வீடு, உடல், நிலம் சார்ந்த பொருள்களை வைத்துக்கொள்ளும். புது வடிவம் கருவி, அலுவலகம் போன்றவற்றை எடுத்துக்கொள்ளும். இரட்டையர் இல்லாத ஸ்பானிஷ், இத்தாலியன் போன்ற மொழிகளில் ஒரே சொல் எல்லாப் பாரத்தையும் சுமக்கும், இல்லையென்றால் வேறு சொல்லைத் துணைக்குக் கூப்பிடும். பிரேசிலில் ஒன்றையே இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நாடாளுமன்ற அவைக்கு, நடுவில் ‘அ’ வைத்து ‘கமரா’, படக் கருவிக்கு ‘எ’ வைத்து ‘கமெரா’.

நான்காம் படி: பொருள்களைக் கிளை கிளையாகப் பிரியுங்கள்

அகராதியில் பத்துப் பதினைந்து பொருள்கள் எண் போட்டுக் கிடக்கும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘அறை’ என்பதை நடுவில் எழுதி, அங்கிருந்து கோடு இழுத்துப் பிரியுங்கள்.

முதல் கிளை, அறையிலிருந்து அவை. அரசனின் அறையில் கூடியவர்கள், பிறகு அவர்களின் அமைப்பு. இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவையும் ருமேனியாவின் கீழவையும் பிரேசிலின் கீழவையும் ‘காமெரா’, ‘கமரா’ என்றே பெயர் பெற்றவை. போர்த்துகலில் 308 நகராட்சிகள் உள்ளன, ஒவ்வொன்றின் நிர்வாகமும் ‘கமரா முனிசிபால்’. ஸ்பானிஷ் ‘கமரில்யா’, அதாவது சின்ன அறை, அரசனைச் சுற்றி இருந்து காதில் ஓதும் கூட்டத்துக்குப் பெயரானது. ஏழாம் ஃபெர்னாண்டோ மன்னனின் காலத்துச் சொல் இது. போலிஷுக்கும் போய் ‘கமரிலா’ ஆகியிருக்கிறது.

இரண்டாம் கிளை, அறையிலிருந்து ஆள். இத்தாலியனில் ‘கமெரியெரே’ ஓட்டலில் பரிமாறுபவர், ஸ்பானிஷில் ‘கமரேரோ’வும் அவரே. இருவரும் முதலில் பெரிய மனிதர்களின் படுக்கையறைப் பணியாளர்கள். ஒரே அறையில் தங்கிய படைவீரர்களைச் ஸ்பானிஷில் ‘கமராதா’ என்றார்கள். முதலில் அது கூட்டத்துக்குப் பெயர், பிறகு ஒருவனுக்கே பெயரானது. அது பிரெஞ்சில் ‘கமராத்’, ஜெர்மன் வழியாகப் போலிஷில் ‘கம்ராத்’, ஆங்கிலம் வழியாக நம் ஊர்க் கட்சி மேடையில் ‘காம்ரேட்’. அறைத் தோழன் என்பதே அதன் அடிப்பொருள். போப் இறந்தபின் இடைக்காலத்தில் வத்திக்கானின் காரியங்களைப் பார்க்கும் கர்தினாலின் பதவிப் பெயர் ‘கமெர்லெங்கோ’. இது லத்தீனிலிருந்து ஜெர்மானிய மொழிக்குப் போய், அங்கே ஒரு விகுதியை ஒட்டிக்கொண்டு, மறுபடி இத்தாலிக்குத் திரும்பி வந்த சொல்.

போலிஷில் இந்தக் கிளையில் ‘கொமோர்னிக்’ என்ற சொல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய கிராமத்தில் சொந்த வீடும் நிலமும் இல்லாமல் இன்னொருவர் வீட்டின் ஒரு ‘கொமோரா’வில் ஒண்டியிருந்தவரைக் ‘கொமோர்னிக்’ என்றார்கள். இன்றைக்கு அதே சொல்லுக்குக் கடனை வசூலிக்கவும் சொத்தை ஜப்தி செய்யவும் வருகிற நீதிமன்ற அதிகாரி என்று பொருள். அரசவை, நீதிமன்ற அறைப் பணியாளர் என்ற தனிக் கோட்டில் வந்த பொருள் இது. பழைய போலிஷ் எழுத்தைப் படிக்கும்போது ஏழை ‘கொமோர்னிக்’கை ஜப்தி அதிகாரி என்று எடுத்துக்கொண்டால் பத்தியே தலைகீழாகிவிடும். வீட்டு வாடகைக்குப் போலிஷில் இருந்த பழைய சொல்லும் ‘கொமோர்னெ’தான்.

மூன்றாம் கிளை, அறையிலிருந்து உள்வெற்றிடம். டயருக்குள் இருக்கும் டியூப் இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் ‘காற்று அறை’தான், அதாவது ‘காமெரா’, ‘காமரா’, ‘ஷாம்ப்ர்’ என்பதோடு காற்று என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்வார்கள். போலிஷில் இதயத்தின் கீழறை ‘கொமோரா’. கிராகூஃப் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் வியெலீச்கா உப்புச் சுரங்கத்துக்குப் போனால், உப்பைக் குடைந்து எடுத்த பெரிய பெரிய இடங்களுக்கெல்லாம் பெயருக்கு முன் ‘கொமோரா’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நாஜிகளின் நச்சுவாயு அறைக்கும் போலிஷில் இந்தச் சொல்தான். வரலாறு படிக்கிறவர்கள் அதை எதிர்கொள்ளாமல் இருக்க முடியாது.

இதே கிளையில் ‘கொமூர்கா’வும் வருகிறது. ‘கொமோரா’வுக்குச் சிறுமை விகுதி சேர்த்தது, சின்ன அறை என்று பொருள். வீட்டுக்குப் பின்னால் விறகும் தட்டுமுட்டுச் சாமானும் போடும் கொட்டகை ‘கொமூர்கா’. உயிரணுவும் ‘கொமூர்கா’. கைப்பேசியும் ‘கொமூர்கா’! கைப்பேசியை இத்தாலியனில் ‘செல்லுலாரே’ என்கிறார்கள். அது ‘செல்லா’ என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் சிற்றறை என்றுதான் பொருள். போலிஷ்காரர்கள் அந்தச் சொல்லை இரவல் வாங்காமல், தங்களிடம் இருந்த சிற்றறையை எடுத்து அதே இடத்தில் வைத்தார்கள். ‘செல்லா’வும் போலிஷில் இல்லாமல் இல்லை, ‘த்ஸெலா’ என்ற வடிவில் இருக்கிறது. துறவியின் அறை, சிறைக் கொட்டடி என்ற இரண்டு பொருளோடு அது நின்றுவிட்டது. ஒலியில் தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே பொருளில் வந்து சேர்ந்தால், ஒரு மொழி மற்றதை மொழிபெயர்த்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

நான்காம் கிளை, இருட்டறை. ஒரு சிறு துளை வழியாக ஒளி புகுந்து, எதிர்ச் சுவரில் வெளியுலகம் தலைகீழாக விழும் இருட்டறையைக் ‘காமெரா ஒப்ஸ்கூரா’ என்றார்கள். 1604-இல் வானியலாளர் கெப்லர் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். அறை சுருங்கிப் பெட்டியானது, பெட்டி படம் பிடிக்கும் கருவியானது, ‘இருட்டு’ என்ற சொல் உதிர்ந்து ‘கேமரா’ மட்டும் நின்றது. நம் செய்தித்தாள்களில் வரும் ‘இன் கேமரா விசாரணை’யைப் பார்த்து, கேமரா வைத்துப் பதிவு செய்வார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது நீதிபதியின் அறைக்குள், மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் விசாரணை. லத்தீனின் பழைய பொருள் சட்டத்தில் அப்படியே தங்கிவிட்டது.

ஐந்தாம் படி: வடிவ மாற்றங்களை எழுதிக்கொள்ளுங்கள்

ரோமான்ஸ் மொழிகளில் இது சீக்கிரம் முடிந்துவிடும். சொல் எல்லாவற்றிலும் பெண்பால். பன்மை இத்தாலியனில் ‘காமெரே’, ஸ்பானிஷில் ‘காமராஸ்’. பிரெஞ்சில் பன்மைக்கு எழுத்தில் ஒரு ‘எஸ்’ சேரும், ஒலி மாறாது. ஸ்பானிஷில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘லா காமரா’ என்றால் கருவி, ஆண்பால் சுட்டோடு ‘எல் காமரா’ என்றால் அதை இயக்கும் ஆண். சொல் மாறவில்லை, முன்னால் இருக்கும் சின்னச் சொல்தான் பொருளை மாற்றுகிறது.

போலிஷில்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் உடலே மாறும். மரம் என்பது மரத்தை, மரத்தில் என்று ஆவதில் பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை. ‘கொமோரா’வை இரண்டாம் வேற்றுமையில் ‘கொமோரெ’ என்பார்கள். இடப்பொருளில், அறையில் என்று சொல்லும்போது, ‘ர’ காற்றோடு வரும் ஜகரமாக மாறி ‘கொமோஜெ’ ஆகும். பன்மையில் ‘அறைகளின்’ என்று சொல்ல விகுதி விழுந்து, உள்ளே இருக்கும் ‘ஒ’ ‘ஊ’வாகி ‘கொமூர்’ என்று நிற்கும். ‘கொமூர்கா’வில் இருக்கும் ‘ஊ’ எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். ‘கொமூர்கா’ இடப்பொருளில் ‘கொமூர்த்ஸெ’ ஆகும். பன்மையில் ‘-களின்’ பொருளில் ‘கொமூரெக்’.

இதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், போலிஷ்ச் செய்தியிலோ புத்தகத்திலோ சொல் பெரும்பாலும் இந்த வேடங்களில்தான் வரும். அகராதி வடிவத்தை மட்டும் தேடினால் பாதி இடங்கள் தேடலில் சிக்காது. புதுச் சொல்லான ‘கமெரா’ நல்ல பிள்ளை. பன்மையில் ‘-களின்’ என்பதற்கு ‘கமெர்’, உயிர் எதுவும் மாறாது. பழைய சொல்லில் உயிர் மாறுவதும் புதியதில் மாறாமல் இருப்பதும் மூன்றாம் படியில் பார்த்த முன்பின் கணக்குக்கு ஒத்துப்போகின்றன.

ஆறாம் படி: போலிச் சொந்தங்களைக் கழியுங்கள்

தேடத் தொடங்கினால் ‘கம’, ‘கொம’ என்று தொடங்கும் எல்லாமே உறவு போலத் தெரியும். எச்சரிக்கையாக இருங்கள்.

ஸ்பானிஷ் ‘கமரோன்’, போர்த்துக்கீசிய ‘கமராவ்ன்’ இரண்டும் இறால். வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்குப் பெயர் வந்தது இந்த இறாலிலிருந்துதான். வூரி ஆற்றில் இறால் நிறைந்திருந்ததைப் பார்த்த போர்த்துக்கீசியர் அதை இறால் ஆறு என்றார்கள். ஸ்பானிஷ் ‘காமா’ என்றால் படுக்கை. படுக்கையறையில் இருப்பதால் உறவு என்று நினைக்கத் தோன்றும், ஸ்பானிய அகராதி அதைத் தனிச் சொல்லாகவே வைத்திருக்கிறது. போலிஷில் ‘கமியெனீத்ஸா’ என்றால் பல குடித்தனங்கள் இருக்கும் மாடிக் கட்டடம். அறைகள் இருப்பதால் ஏமாறிவிடாதீர்கள். கல் என்று பொருள்படும் ‘கமியென்’ என்ற சொந்த ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்த கல்வீடு அது. ‘கொமார்’ என்றால் கொசு.

உறவா இல்லையா என்று தெரிய இரண்டு கேள்விகள் போதும். அந்த மொழியின் வழக்கமான ஒலி மாற்றத்தில் இந்த வடிவம் வருமா? பொருள் ஒரு கிளை வழியாகவாவது வந்து சேருமா? இரண்டுக்கும் ‘ஆம்’ வந்தால் மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஆம் என்றால் பென்சிலில் எழுதிவைத்து அகராதியைப் பாருங்கள்.

ஏழாம் படி: தலைகீழாகக் கேட்டுப் பாருங்கள்

இதுவரை சொல்லிலிருந்து பொருளுக்கு வந்தோம். இனி பொருளிலிருந்து சொல்லுக்குப் போங்கள். புகைப்படம் எடுக்கும் கருவிக்கு ஒவ்வொரு மொழியிலும் என்ன பெயர்?

ஸ்பானிஷில் ‘காமரா’தான். இத்தாலியனில் ‘காமெரா’ என்பதை அறை பிடித்துக்கொண்டதால் ‘மாக்கினா ஃபொதொகிராஃபிகா’, புகைப்பட இயந்திரம். இரண்டையும் ஒட்டி ‘ஃபொதொகாமெரா’ என்பதும் உண்டு. பிரெஞ்சில் ‘அப்பரேய் ஃபொத்தோ’, போலிஷில் ‘அபாரத்’. இந்த இரண்டு மொழியிலும் நேராகக் ‘கமெரா’ என்று கேட்டால் வீடியோ கருவிதான் கிடைக்கும்.

அடுத்து, படுக்கும் அறைக்கு என்ன சொல்? பிரெஞ்சில் ‘ஷாம்ப்ர்’. இத்தாலியனில் ‘காமெரா’. ஸ்பானிஷில் ‘காமரா’ இல்லை, ‘அபித்தாசியோன்’ என்பதும் வேறு சொற்களும் புழங்குகின்றன. ஆனால் மெக்சிகோவில் முன்னொட்டுச் சேர்ந்த ‘ரெகாமரா’ படுக்கையறைக்கு இன்றும் அன்றாடச் சொல். போர்த்துக்கீசியத்தில் ‘குவார்த்து’. போலிஷில் ‘பொக்கூய்’. போலிஷ் ஓட்டலில் போய்க் ‘கொமோரா’ கேட்டால் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள்.

இந்தத் தலைகீழ்ச் சோதனை முடிந்தால்தான் பயணத்திலும் பேச்சிலும் பயன்படும் அறிவு கிடைக்கும். உறவு என்பதற்காக ஒரு சொல்லைப் பயன்படுத்திவிட முடியாது. இன்று அந்த ஊரில் அந்தப் பொருளுக்கு வாயில் வருவது எது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த சொல்

பழக இன்னொரு சொல் தருகிறேன். போலிஷில் ‘கோமின்’ என்றால் புகைபோக்கி, ‘கொமீனெக்’ என்றால் குளிர்காயும் அடுப்பு. லத்தீன் ‘கமீனுஸ்’ அதன் வேர். ‘அ’ ‘ஒ’ ஆகியிருப்பதை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். இத்தாலியனில் ‘கமீனோ’. பிரெஞ்சில் ‘ஷெமினே’, இங்கே ‘க’ என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஸ்பானிஷில் ‘சிமெனேயா’. அது லத்தீனிலிருந்து நேராக வந்திருந்தால் ‘க’வில் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை என்றால் யாரிடமிருந்து வாங்கினார்கள்? இதற்கு விடையை இரண்டாம் படியிலிருந்தே எடுக்கலாம்.

ஒரு குழியும் இருக்கிறது. ஸ்பானிஷ் ‘கமீனோ’ என்றால் பாதை. இத்தாலியனிலும் பாதைக்கு ‘கம்மீனோ’ உண்டு, ஆனால் அதில் ‘ம’ இரட்டிக்கும். புகைபோக்கியில் இரட்டிக்காது. பாதைச் சொல் கெல்திய மொழியிலிருந்து லத்தீனுக்குள் வந்த வேறு சொல். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.